பட்டுப்புடவைக்கு ஒரு ரெட் சீடர் பெட்டி

பெட்டி முடிந்துவிட்டது. மூடி இப்போது ஒட்டாமல் திறக்கிறது. அது உறுதியாகும்வரை இந்தப் பதிவை எழுத வேண்டாம் என்று வைத்திருந்தேன்.

ஈஸ்டர்ன் ரெட் சீடர் மரத்தில் செய்தது. நீளம் 42 அங்குலம், அகலம் 18, உயரம் 18. உள்ளே போவது மனைவியின் பட்டுப்புடவைகள், கம்பளிப் போர்வைகள், என் ஸ்வெட்டர்கள். நாங்கள் இருப்பது ஓக்லஹோமாவில், துல்சாவுக்குப் பக்கத்தில். வேலை நடந்தது ஒரு கார் மட்டுமே நிற்கக்கூடிய கராஜில். கார் தெருவில் நின்றது.

இந்த ஊரில் ரெட் சீடர் என்றால் யாரும் மதிப்பதில்லை. இங்கே அது கிட்டத்தட்ட களை. ஒரு காலத்தில் புல்வெளியில் அவ்வப்போது தீ பரவும், இதன் மரக்கன்றுகள் கருகிவிடும். தீயை அணைக்கும் பழக்கம் வந்தபிறகு மேய்ச்சல் நிலமெல்லாம் இந்த மரம் ஏறிவிட்டது. மாடு வளர்ப்பவர்கள் வெட்டிக் குவித்து எரிக்கிறார்கள். ஒரு நல்ல விஷயம், கடைசிப் பச்சைக் கிளைக்குக் கீழே வெட்டினால் மறுபடி தளிர்க்காது. அப்படி எரியப்போகிற மரங்களை வாங்கிப் பலகை அறுத்து விற்கும் சின்னச் சின்ன அறுப்பாலைகள் கிராமப்புறத்தில் இருக்கின்றன. கடையில் பாலிதீன் உறையில் வரும் மெல்லிய சீடர் பட்டைகளைப் பார்த்து மலைத்தவர்களுக்கு அங்கே போனால் சந்தோஷம்தான்.

பெயரில்தான் சீடர், உண்மையில் இது ஜூனிபர் இனம், ஜூனிபெரஸ் வர்ஜினியானா. நம் இமயமலைத் தேவதாரு அசல் சீடர், இரண்டுக்கும் நேர் உறவு கிடையாது. ஆனால் பழைய பென்சிலைச் சீவும்போது வந்த அந்த வாசனை இந்த மரத்துடையது. அமெரிக்கப் பென்சில்காரர்கள் முதலில் இதைத்தான் பயன்படுத்தினார்கள். நல்ல மரம் தீர்ந்துபோன சமயத்தில் டென்னசி பக்கம் விவசாயிகளின் பழைய வேலிக் கழிகளைக்கூட விலைக்கு வாங்கிப் பென்சில் செய்தார்களாம். அப்புறம் மேற்குக் கடற்கரையின் இன்சென்ஸ் சீடருக்கு மாறிவிட்டார்கள். வேலிக் கழியாக அத்தனை வருடம் மண்ணில் நின்ற மரம் பென்சிலுக்கு ஆகிறது என்றால், இதன் வைரம், அதாவது நடுமரம், எவ்வளவு உறுதி என்று பார்த்துக்கொள்ளுங்கள். உளுத்துப்போகாது, கரையானும் எளிதில் தொடாது. இதெல்லாம் சிவந்த வைரத்துக்கு மட்டும். சுற்றியிருக்கும் வெள்ளை மரத்துக்கு அந்த குணமும் இல்லை, வாசனையும் இல்லை.

எடை நடுத்தரம்: காய்ந்த பிறகு கனமீட்டருக்குச் சுமார் 530 கிலோ. தேக்கைவிட லேசு. ஊசியிலை மரம் என்பதால் பைன் மாதிரி மெத்தென்று இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வெள்ளைப் பைனைவிட இரண்டு மடங்குக்கு மேல் கடினம். அதே சமயம் நொறுங்கும். துளை போடாமல் ஆணி அடித்தால் ஓரம் பிளந்துவிடும். இதன் பெரிய பலம், காயும்போது அதிகம் சுருங்காது. பச்சையிலிருந்து முழுதும் காயும்வரை அகலவாக்கில் 3 முதல் 5 சதவீதத்துக்குள்தான். பெட்டிக்கு இதைவிட நல்ல குணம் வேண்டாம்.

அறுப்பாலையில் பலகைகள் ஒன்றேகால் அங்குலக் கனத்தில், எட்டடி நீளத்தில் இருந்தன. அகலம்தான் வம்பு. இந்த மரத்தின் அடிப்பாகம் உருண்டையாக இருக்காது. பள்ளமும் மேடுமாக மடிந்து மடிந்து வளரும். அதனால் பலகை நடுவில் திடீரென்று வெள்ளைக் கீற்று வரும், சில இடத்தில் மரப்பட்டையே உள்ளே மாட்டியிருக்கும். ஐந்து, ஆறு அங்குல அகலத்துக்கு மேல் சுத்தமான பலகை கிடைப்பது அரிது. கணு இல்லாத பலகை கேட்டேன். அறுப்பாலைக்காரர் சிரித்துவிட்டு, "அதற்கு வேறு மரம் வாங்கு" என்றார்.

கணக்கு இப்படி. முன்பக்கம், பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு, மூடி, அடித்தட்டின் மேல் விரிக்கும் பட்டைகள், கீழே சுற்றிவரும் சட்டம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 30 போர்டு அடி (ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குலக் கனம் சேர்ந்தது ஒரு போர்டு அடி). கணு, பட்டை, வெடிப்பு எல்லாவற்றையும் வெட்டித் தள்ளினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீணாகும் என்று வைத்து 50 போர்டு அடி வாங்கினேன். போர்டு அடி மூன்று டாலர், ஆக 150. மீந்தது கொஞ்சம்தான், 40 வாங்கியிருந்தால் போதாமல் போயிருக்கும்.

சூளையில் காய வைத்ததும் இருந்தது, காற்றில் காய்ந்ததும் இருந்தது. காற்றில் காய்ந்ததை எடுத்தேன். சூளையில் வெப்பத்தைக் கூட்டினால் மரத்தின் எண்ணெயில் ஒரு பகுதி ஆவியாகிப் போய்விடும். எனக்கு வேண்டியதே அந்த எண்ணெய்தான். எடுத்து வந்தபோது ஈரமானி 14 காட்டியது. கராஜில் ஆறு நூல் கனமுள்ள குச்சிகளை இடையில் வைத்து அடுக்கி, மேலே சிமெண்ட் கல் ஏற்றி, 9 சதவீதத்துக்கு வரும்வரை விட்டேன். (ஒரு நூல் என்றால் எட்டில் ஒரு அங்குலம். இங்கே வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு நூல் கணக்குதான் கைக்கு வருகிறது.) குச்சிகளை ஒன்றின் மேல் ஒன்று நேராக வையுங்கள். ஒன்று தள்ளி நின்றாலும் பலகை அந்த இடத்தில் வளையும்.

அடுத்தது இழைப்பு. உண்மையான வேலையே இங்கேதான். என்னிடம் இருப்பது 13 அங்குல மேசை பிளேனர் (இழைக்கும் இயந்திரம்), சாதாரண நேர்க்கத்தி. முதல் பலகையை அரை நூல் ஆழம் வைத்து விட்டேன். கணுவைச் சுற்றி நார் பிய்ந்து, விரல் நுனி புதையும் அளவுக்குக் குழி. மரத்தின் நார் ஓடும் ரேகை ஒவ்வொரு கணுவையும் சுற்றித் திசை மாறுகிறது, அதனால் எந்தப் பக்கத்திலிருந்து விட்டாலும் எங்கோ ஒரு இடத்தில் எதிர்ரேகைதான். கத்தியைப் புதிதாகப் போட்டு, ஒரு முறைக்குக் கால் நூல் மட்டும் எடுத்து, கடைசி இரண்டு ஓட்டத்தில் அதிலும் பாதியாகக் குறைத்தபோது பிய்ப்பு பெருமளவு நின்றது. பலகையைக் கொஞ்சம் கோணலாக விட்டதும் உதவியது. ஆறரை நூல் கனத்தில் பிளேனரை நிறுத்தி, மீதியைச் சுரண்டுதகட்டால் எடுத்தேன். கை இழைப்புளி இந்த மரத்தில் கணு இல்லாத இடத்தில் அற்புதமாக ஓடும். இளஞ்சிவப்புச் சுருள் கட்டுக் கட்டாக விழும். கணு வந்ததும் சட்டென்று தட்டி நிற்கும். கணுவை மரமாக நினைக்காமல் கல்லாக நினைத்துவிட்டால் மனது லேசாகும். சுரண்டுதகடு அஞ்சு டாலர். அது இல்லாமல் இந்த மரத்தைத் தொடவே கூடாது.

கத்தியிலும் ரம்பப் பல்லிலும் பிசின் அப்பிக்கொள்ளும். ரம்பம் வெட்டும்போது புகை வாசனை வந்தால் மழுங்கிவிட்டது என்றே அர்த்தமில்லை, அழுக்கேறியும் இருக்கலாம். பிளேடைக் கழற்றி வெதுவெதுப்பான வாஷிங் சோடா தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போகும். அந்தத் தூள் விஷயத்தில் கவனம் வேண்டும். வாசனை நன்றாக இருக்கிறது என்று முகமூடி இல்லாமல் வேலை செய்தால் மூக்கு எரியும், சிலருக்கு தோலில் தடிப்பும் வரும். நான் பி100 முகமூடி போட்டுக்கொண்டு, கராஜ் கதவைத் திறந்துவைத்து, வெளிப்பக்கமாக விசிறி ஓடவிட்டேன்.

ஆடும் கணுக்களைத் தட்டிப் பார்த்து வெளியே எடுத்தேன். பின்பக்கம் டேப் ஒட்டி, துளையில் எபாக்ஸி ஊற்றி, கணுவை அதே திசையில் திரும்ப உட்கார வைத்தேன். மெதுவாக இறுகும் எபாக்ஸி வாங்குங்கள். அஞ்சு நிமிடத்தில் இறுகுவது குமிழோடு நின்றுவிடும், குமிழை உடைக்க மறுபடி ஊற்ற வேண்டும். பட்டை மாட்டியிருந்த பிளவுகளுக்கும் இதேதான். பெட்டியின் உட்புறம் வரும் பக்கத்தில் எபாக்ஸி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, எபாக்ஸி பட்ட இடத்தில் மரம் மூச்சு விடாது.

பலகைகளை அகலத்துக்கு ஒட்டும்போது எண்ணெய் முதல் தடவையாக வழிமறித்தது. இழைத்து ஒரு வாரம் வைத்திருந்த ஓரங்களை அப்படியே ஒட்டிய சோதனைத் துண்டு, மூட்டில் சுத்தியலால் தட்டியதும் பசைக்கோட்டில் விட்டது. அதே மரத்தை மறுபடி இழைத்து, ஓரத்தை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் ஒட்டியபோது மூட்டு விடாமல் பக்கத்து மரம் கிழிந்தது. பசை ஃபெவிகால் வகைதான், இங்கே கிடைக்கும் மஞ்சள் நிற மரப்பசை. துடைக்கிறோமா இல்லையா என்பதைவிட, ஒட்டும் நாளன்று இழைக்கிறோமா என்பதுதான் முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன். கிளாம்ப் போடும்போது நடுவில் ஒரு துண்டுப் பலகை வைக்காவிட்டால் இரும்பு வாய் மரத்தில் பதிந்துவிடும்.

நான்கு சுவரிலும் ரேகை படுக்கைவாக்கில் போகும்படி வைத்தேன். அப்போது நான்கும் ஒன்றாக மேலும் கீழும்தான் விரியும், மூலைகளுக்குள் சண்டை வராது. முன், பின் பலகைகளின் முனையில் மூன்று நூல் ஆழத்துக்குப் படி வெட்டி, பக்கவாட்டுப் பலகையை அதில் உட்கார வைத்து, பசையோடு ஒவ்வொரு மூலையிலும் ஆறு மர ஆணி. மர ஆணிக்கு மூன்று நூல் விட்டமுள்ள வெள்ளை ஓக் குச்சி. சிவப்பில் அந்த வெளுத்த வட்டங்கள் பார்க்க அழகாகவும் இருக்கின்றன. அடித்தட்டு அரை அங்குல பிளைவுட், சுவரின் உட்புறத்தில் காடி எடுத்து மிதக்கவிட்டது. பிளைவுட் மேல் மூன்று நூல் கனத்தில் சீடர் பட்டைகளைப் பசை இல்லாமல் சிறு பின்களால் அடித்தேன்.

மூடிக்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். பத்தொன்பதரை அங்குல அகலம், 43 நீளம். இங்கே கோடையில் புழுக்கம், குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் வீட்டுக் காற்று உலர்ந்து போகும். மரத்தின் ஈரம் அஞ்சு சதவீதம் ஏறி இறங்கும் என்று வைத்தால், அந்த அகலத்துக்கு ஒரு நூலுக்குச் சற்றே கூட நகரும். அதனால் மூடிக்கு அடியில் வைத்த இரண்டு குறுக்குச் சட்டங்களை ஒட்டவில்லை. திருகுத் துளைகளை நீள்துளையாக வெட்டி, நடுத்துளை மட்டும் இறுக்கம். மூடியின் முன்னும் இரு பக்கமும் கீழ்நோக்கி ஒன்றேகால் அங்குல உதடு. முன் உதடு முழுக்கப் பசை. பக்க உதடுகளின் ரேகை மூடிக்குக் குறுக்கே போவதால், முன்மூலையில் மூன்று அங்குலம் மட்டும் பசை, பின்னால் நீள்துளையில் திருகு. இந்த உதடு அழகுக்காக இல்லை, அதற்கு வருகிறேன்.

கீலுக்கு நிறையத் தேடினேன். மூடி விழுந்து குழந்தையின் விரலோ தலையோ நசுங்கக் கூடாது. பழைய அமெரிக்க சீடர் பெட்டிகளில் மூடினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும் தாழ் இருந்தது. குழந்தைகள் உள்ளே மாட்டி மூச்சுத் திணறி இறந்திருக்கிறார்கள். 1996-ல் ஒரு கோடியே இருபது லட்சம் பெட்டிகளின் பூட்டை மாற்றச் சொல்லி அறிவிப்பு வந்தது. பழைய பெட்டி ஒன்றைச் சந்தையில் வாங்கினால் முதல் வேலையாக அந்தத் தாழைக் கழற்றுங்கள். என் பெட்டியில் பூட்டே இல்லை. கீல், உள்ளே முறுக்குவில் வைத்த வகை. மூடியை எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும். எது வாங்குவது என்பதற்கு: மூடியின் எடையைப் பவுண்டில் எடுத்து, மூடி அகலத்தின் பாதி அங்குலத்தால் பெருக்க வேண்டும். என் மூடி பதிமூன்றரைப் பவுண்டு, பாதி அகலம் ஒன்பதேமுக்கால், 132 வருகிறது. இந்தக் கணக்கில் 50 தாங்கும் என்று போட்ட கீல் மூன்று. சேர்ந்து 150, கொஞ்சம் கூடுதல், பரவாயில்லை. 40 வாங்கியிருந்தால் மூடி மெதுவாகச் சரிந்துகொண்டே வரும்.

மெருகு போட்ட கதை.

உட்புறத்துக்கு எதுவும் பூசக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பூசினால் வாசனை அடைபட்டுவிடும். வெளிப்புறத்துக்கு எண்ணெய் கலந்த பாலியூரித்தேன், துணியால் துடைத்துப் பூசும் வகை. முன்னால் ஓக்கில், வால்நட்டில் பூசி நன்றாக வந்தது. சீடரில் முதல் பூச்சு போட்டதும் நிறம் அப்படி எழுந்தது, ஊதா கலந்த சிவப்பு. மறுநாள் வெள்ளைக் கீற்றுகள் மேல் காய்ந்திருந்தது. வைரத்தில் பிசுபிசுப்பு. கணுவைச் சுற்றி விரல் வைத்தால் கைரேகை பதிகிறது. புழுக்கம் காரணமாக இருக்கும் என்று விசிறி வைத்துக் காத்திருந்தேன். ஒரு வாரத்தில் பரந்த இடமெல்லாம் ஓரளவு இறுகியது, அதை நம்பி இரண்டாவது பூச்சும் போட்டு, கீல் மாட்டி, மூடியைச் சாத்தினேன். சில நாள் கழித்துத் திறக்கப் போனால் மூடி வரவில்லை. இழுத்தபோது பெட்டியின் மேல்விளிம்பிலிருந்து பூச்சு தோலாக உரிந்து மூடியோடு வந்தது.

காரணம் மரத்துக்குள்தான் இருக்கிறது. எண்ணெய் வகை வார்னிஷ் காற்றின் ஆக்சிஜனை எடுத்து இறுகுகிறது. சீடர் எண்ணெயில் அதைத் தடுக்கிற பொருள்கள் உண்டு, அதனால் பூச்சு அரைகுறையாக நிற்கும். அதோடு மூடிய பெட்டிக்குள் எண்ணெய் ஆவியாகி நிறைந்திருக்கும். அந்த ஆவி இறுகிய பூச்சைக்கூட இளக்கும். விளிம்பு மாட்டியது அதனால்தான். பக்கத்து வீட்டுக் கிழவர், காலமெல்லாம் அலமாரி செய்தவர், வந்து பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "ஷெல்லாக் போடாமல் இதை ஏன் போட்டாய்?"

பூச்சு முழுவதையும் சுரண்டினேன். இளகியிருந்ததால் சுரண்டுதகடு அடிக்கடி அடைத்துக்கொண்டது, வெறுப்பான வேலை. அப்புறம் 150, 220 நம்பர் உப்புத்தாள், கடைசியில் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைப்பு. துணி சிவப்பாகச் சாயம் இறங்குவது நிற்கும்வரை துடைத்தேன். பிறகு மெழுகு நீக்கிய அரக்கு, அதாவது கிழவர் சொன்ன ஷெல்லாக். கால் லிட்டர் ஸ்பிரிட்டுக்கு முதல் பூச்சில் 30 கிராம், அடுத்த இரண்டு பூச்சில் 60 கிராம். அரக்கு, அதில் கலந்த ஸ்பிரிட் ஆவியானதும் காய்ந்துவிடும். ஆக்சிஜனுக்குக் காத்திருப்பதில்லை, அதனால் சீடர் எண்ணெய் அதைத் தடுக்க முடியாது. அரை மணியில் தொட்டால் ஒட்டவில்லை. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் இந்தியாவில் எடுத்த அரக்கு. நம் ஊர் ஆசாரிகள் பிரெஞ்சு பாலிஷ் என்று பஞ்சுப் பொட்டலத்தில் தேய்ப்பது இதே பொருள்தான். அது தெரிந்தும் டப்பாவில் வருகிற பாலியூரித்தேன் பக்கம் போனேன்.

இந்தத் தடவை மேல்விளிம்பு, மூடியின் அடிப்பக்கம், உதட்டின் உட்புறம் எதையும் பூசவில்லை. ஆவி படும் இடமெல்லாம் வெறும் மரமாகவே இருக்கட்டும். அரக்குக்குக் குறை உண்டு: சூடான டீ டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். பெட்டி படுக்கையறையில் இருப்பதால் அது பெரிய விஷயமில்லை. நிறம் எதைப் பூசினாலும் நிலைக்காது. ஜன்னலோரம் கிடந்த துண்டில் அட்டை மறைத்த இடம் மட்டும் ஊதாவாக இருக்க, மற்றது பழுப்பாகிவிட்டது. அந்த ஊதாவுக்காக மட்டும் இந்த மரத்தை வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள்.

பூச்சி விஷயம். வீடியோவில் பெட்டியைக் காட்டியபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "எல்லாம் சரிடா, பாச்சா உருண்டை போட்டியா?" தேவையில்லம்மா, மரமே பூச்சியை விரட்டும் என்று நானும் விளம்பரக்காரன் மாதிரி சொன்னேன். உண்மை அவ்வளவு எளிதில்லை. பட்டுத்துணியையும் கம்பளியையும் தின்பது அந்துப்பூச்சி இல்லை, அதன் புழு. சீடர் ஆவி, புதிதாகப் பொரித்த சின்னப் புழுவைக் கொல்லும். அதுவும் ஆவி வெளியே போகாமல் அடைபட்டிருந்தால்தான். முட்டையையோ வளர்ந்த புழுவையோ அது ஒன்றும் செய்வதில்லை. ஆகவே பாதி வேலை பெட்டி எவ்வளவு இறுக்கமாக மூடுகிறது என்பதில் இருக்கிறது. மூடியைச் சுற்றி உதடு வைத்தது இதற்குத்தான். மீதிப் பாதி, உள்ளே வைக்கிற துணி சுத்தமாக இருப்பது. வியர்வையும் சாப்பாட்டுக் கறையும்தான் புழுவுக்குப் பிடித்தது. ஸ்வெட்டர்களைத் துவைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, ஃபிரீசரில் நன்றாக உறையவிட்ட பிறகே உள்ளே வைத்தேன். வாசனையும் வருடக்கணக்கில் குறைந்துகொண்டே போகும். 220 நம்பர் உப்புத்தாளால் உட்புறத்தை லேசாகத் தேய்த்தால் திரும்ப எழும், மேல்பரப்பில் அடைத்துக்கொண்ட எண்ணெய் போய்ப் புது மரம் வெளியே வருகிறது.

பட்டு நேரே மரத்தில் படக் கூடாது. எண்ணெய்க் கறை இறங்கினால் போகாது. துவைத்துத் துவைத்துப் பழசான என் பருத்தி வேட்டிகளைக் கிழித்து, ஒவ்வொரு புடவையையும் சரிகை உள்பக்கம் வரும்படி மடித்துச் சுற்றி வைத்திருக்கிறோம். மடிப்பை மாற்றி மாற்றிப் போடுவது மனைவியின் பொறுப்பு, அதில் எனக்கு அனுமதி இல்லை. அம்மா சொன்ன வசம்புத் துண்டும் ஒரு மூலையில் இருக்கிறது, சண்டை வேண்டாமே. பிளாஸ்டிக் உறை, போட்டோ பிரேம், வார்னிஷ் அடித்த பொம்மை போன்றவற்றை உள்ளே வைக்காதீர்கள். என் பூச்சுக்கு நடந்ததே அதற்கும் நடக்கும்.

செலவு: மரம் 150 டாலர், கீல்கள் 90, பிளைவுட் 35, எபாக்ஸி 25, அரக்கும் ஸ்பிரிட்டும் 20, பசையும் ஓக் குச்சியும் 16, உப்புத்தாள் 12, சுரண்டுதகடு 5, வீணான பாலியூரித்தேன் 18. ஆக 371. இதே அளவில் கடைப்பெட்டி இதைவிட மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அவற்றில் பலவற்றில் சீடர் உள்ளே ஒட்டிய மெல்லிய தகடு மட்டும்தான்.

அதைக் கிண்டலாகச் சொல்ல நினைத்தேன், ஆனால் அடுத்த பெட்டியை நானும் ஏறக்குறைய அப்படித்தான் செய்வேன். வாசனைக்கு வேண்டியது உட்புற மேல்பரப்பு மட்டும். கணு, பிசின், பூச்சுத் தகராறு எல்லாம் வந்தது வெளிப்புறத்தையும் சீடரில் செய்ததால். வெளிச்சட்டம் ஓக்கிலோ பாப்லரிலோ செய்து, உங்களுக்குப் பழகிய பூச்சு எதையும் அடித்து, முழுதும் காய்ந்த பிறகு உள்ளே இரண்டரை நூல் கனத்தில் நாக்கும் காடியும் வெட்டிய சீடர் பட்டைகளைப் பசை இல்லாமல் அடித்துவிடலாம். சீடர் குறைவாகப் போதும், பழுதானால் பட்டையை மட்டும் மாற்றலாம். இந்தியாவில் இருப்பவர்களுக்குத் தேவதாரு கிடைத்தால் இதே முறைதான் பொருந்தும். இமாசலத்தின் பழைய கோயில்களும், ஸ்ரீநகர் படகு வீடுகளும் அந்த மரத்தில் செய்தவை. அத்தனை உறுதி. ஆனால் அதிலும் எண்ணெய் கசியும், வார்னிஷோடு ஒத்துப்போகாது. உள்பட்டையாகப் போட்டால் அந்தக் கவலை இல்லை.

இழைத்த சுருள்களை மஸ்லின் பையில் கட்டி ஷூ அலமாரியில் போட்டிருக்கிறேன். எலிக்குட்டி, முயல் வளர்ப்பவர்கள் படுக்கைக்கு என்று கேட்டால் கொடுக்காதீர்கள், அந்த ஆவி சின்னப் பிராணிகளுக்கு ஆகாது. மீந்த பலகைகளைக் கனம் குறைத்து, துணி அலமாரியின் பின்சுவருக்குப் பட்டையாக அறுத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு 18 கேஜ் பின் ஆணி, ஓரத்தில் அரை நூல் இடைவெளி, அவ்வளவுதான்.